கரும்புத் தோட்டமும் கொழுந்து மலையும்

இலக்கியத்தைப் பாடவிதானத்தோடு இணைப்பது எவ்வாறு என்ற வினா ஆசிரியர் கருத்தரங்குகளில் அடிக்கடி எழுகின்றது. விடையும் வழக்கமானதே: இன்னும் இரண்டு செய்யுள் சேர்க்கலாம், ஒரு சிறுகதை சேர்க்கலாம். சேர்த்த பின்னர் அவற்றை வகுப்பறையில் என்ன செய்கிறோம் என்பதை நம்மில் எவரும் கேட்பதில்லை.

லிந்துலையில் நாம் நடத்திய ஒரு பாடவேளையை இங்கே சொல்லத்தான் வேண்டும். பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடம். பிஜித் தீவின் தோட்டங்களில் உழன்ற நம் பெண்களைப் பற்றிய பாட்டு. சந்தம் விளக்கினோம், அருஞ்சொற்பொருள் கரும்பலகையில் எழுதினோம். யன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், அம்மாணவரின் தாய்மார் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தனர். மணி அடிக்கும் வேளையில் ஒரு மாணவி எழுந்து, “சேர், அவங்களுக்கும் அரைப்பேர் போடுவாங்களா?” என்று கேட்டாள். குறித்த நிறைக்குக் கொழுந்து இல்லையேல் அரைநாட் சம்பளம் மட்டும் பதிவதே அரைப்பேர். ‘அது பரீட்சைக்கு வராது’ என்று சொல்லி அவளை அமரச் செய்தோம். அன்று அப்பாட்டை உண்மையில் படித்தவள் அவள் ஒருத்தியே என்பது வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது.

அவ்வினாவைப் பின்தொடர்ந்திருந்தால் எங்கெங்கே சென்றிருக்கலாம்! பிஜிக்கு 1879 முதல் ஆட்களை ஏற்றிச் சென்றது ஐந்தாண்டு ஒப்பந்தம். இலங்கை மலைகளுக்கு அழைத்து வந்ததோ கங்காணியின் முற்பணம். அங்கே கையெழுத்து விலங்காயிற்று. இங்கே கடன் விலங்காயிற்று. கடன் தீர்ந்தது என்னும் ‘துண்டு’ கையில் இல்லாதவன் வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாது. இம்முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இது சரித்திர ஆசிரியரின் பாடம் என்று தமிழாசிரியர் ஒதுங்குகிறார். அது தமிழாசிரியரின் பாட்டு என்று சரித்திர ஆசிரியர் ஒதுங்குகிறார். நேரசூசியின் கோடுகள் பிள்ளையின் மனத்திலும் கோடுகளாக விழுகின்றன.

சி. வி. வேலுப்பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். 1947இல் நம் அயலூரான தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர் அவர். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தனுப்பிய மக்களை நாடற்றோராக்கியது. தேயிலைத் தோட்டத்தைப் பாடிய அவருடைய ஆங்கிலக் கவிதை 1954இல் வெளியாயிற்று. சக்தீ பாலையாவின் தமிழாக்கம் 1969இல் வந்தது. குடியியல் வகுப்பு அச்சட்டத்தைப் படிக்கும் அதே வாரத்தில் தமிழ் வகுப்பு இக்கவிதையைப் படிக்குமானால், அதற்குப் புதிய பாடநூல் எதுவும் தேவையில்லை. இரண்டு ஆசிரியர்கள் தேநீர் வேளையில் பேசிக்கொண்டால் போதும்.

ஆனால் மலையகப் பிள்ளைக்கு மலையக இலக்கியமே போதும் என்று வாதிடும் நண்பர்களோடு நாம் உடன்படவில்லை. அது பாடநூலுக்குள் இன்னொரு லயத்தைக் கட்டுவதாகும். வேலுப்பிள்ளையை யாழ்ப்பாணத்து மாணவனும் படிக்க வேண்டும். குறுந்தொகையை நம் பிள்ளையும் படிக்க வேண்டும். குறிஞ்சியின் கருப்பொருளை மனனம் செய்யும் பிள்ளை, தான் நிற்பதும் ஒரு மலையே, காடழித்துக் கோப்பி நட்டு, 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழியத் தேயிலை ஏறிய மலையே என்பதையும் அறியட்டும்.

எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பது வினாத்தாள். அதை எளிதில் இகழ்ந்துவிட நம்மால் முடியாது. 1945இல் பிறந்த இலவசக் கல்வி தோட்டப் பள்ளிகளை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே சாதாரண தரப் பெறுபேறு இன்றும் இங்கே மலையிறங்கும் வழி. புள்ளி தராத இலக்கியத்தை அந்த மாணவி எதற்காகச் சுமக்க வேண்டும்? உவமையைச் சுட்டிக் காட்டுக என்று கேட்கும் வினா, உன் ஊரில் இதனை ஒத்தது யாது என்றும் கேட்கட்டும். அவளுடைய அரைப்பேருக்கும் அப்போது புள்ளி கிடைக்கும்.

வினாத்தாள் மாறும்வரை நம் கையில் இருப்பது வரவுப் பதிவேடு. மாசியில் காமன் கூத்துத் தொடங்கியதும் இரவிரவாக ஆடிவிட்டு மறுநாட் காலை வகுப்பில் தூங்கும் பையன்கள் உண்டு. வராமலே விடுவோரும் உண்டு. ரதி மதன் கதையைப் பாடலும் ஆடலுமாகக் கற்றுவரும் அவர்களின் பெயருக்கு நேரே, இத்தனை ஆண்டுகளாக, நாம் சிவப்பு மையால் சுழியம் இட்டு வந்திருக்கிறோம்.