காட்சி வரலாறும் படைப்பின் பொருளும்: ஃப்ரிபூர்க்கின் டிங்கேலி, யாழ்ப்பாணத்தின் சனாதனன்

ஓவியத்தையோ கற்சிற்பத்தையோ ஆராய்பவர்க்கு முதற்சான்று படைப்பேயாகும். நிறுவற்கலையை ஆராய்பவர்க்கு அவ்வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை. காட்சி முடிந்ததும் படைப்பு பிரிக்கப்படுகிறது. அதன் உறுப்புகள் பெட்டிகளுக்குள் செல்கின்றன, அல்லது தந்தவரிடமே திரும்புகின்றன. அது எங்கே, எப்போது, எவர்முன் வைக்கப்பட்டது என்னும் செய்தியே பல வேளைகளில் எஞ்சுகிறது. தமிழில் கலைஞரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளோ இச்செய்தியைப் பெரும்பாலும் இறுதிப் பக்கத்துப் பட்டியலாகத் தந்து அமைகின்றன. நிறுவற்கலையைப் பொறுத்தவரை காட்சி வரலாறு பின்னிணைப்பன்று. படைப்பின் பொருளை உருவாக்கும் கூறுகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் நகரோடு தொடர்புடைய ழான் டிங்கேலியின் படைப்புகளைக் கொண்டு இதனை நிறுவி, யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனனின் படைப்புகளுக்கு அதனைப் பொருத்திப் பார்க்கலாம்.

டிங்கேலி 1925ஆம் ஆண்டு ஃப்ரிபூர்க்கில் பிறந்து பாசலில் வளர்ந்தவர். அங்கே கடைக் காட்சியலங்காரத் தொழிலில் பயிற்சி பெற்றபின் 1952இல் பாரிஸ் சென்றார். கழிவிரும்பு, சக்கரம், மின்னோடி ஆகியவற்றால் இயங்கு சிற்பங்களைச் செய்த அவர், 1959இல் வரையும் பொறிகளைக் காட்சிக்கு வைத்தார். பார்வையாளர் பொறியை இயக்கினால் ஓவியம் ஒன்று பிறக்கும். பார்ப்பவரின் செயலின்றிப் படைப்பு நிறைவுறாது என்பதால், காட்சிக்கூடம் இங்கே படைப்பின் உறுப்பாகிவிட்டது.

இதன் எல்லை 1960 மார்ச் 17ஆம் நாள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் வெளிப்பட்டது. ‘நியூயார்க்கிற்கு அஞ்சலி’ என்னும் பெரும்பொறி தன்னைத்தானே அழித்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தது. மிதிவண்டிச் சக்கரங்களும் ஒரு பியானோவும் குளியல் தொட்டியும் அதில் இடம்பெற்றன. தீ பரவியதால் தீயணைப்பாளர் குறுக்கிட நேர்ந்தது. ஏறத்தாழ 27 நிமிடங்களில் அனைத்தும் முடிவுற்றன. அதன் ஒரு துண்டு அதே அருங்காட்சியகத்தின் சேகரத்தில் உள்ளது. எனினும் அத்துண்டை மட்டும் நோக்கி அப்படைப்பை எவரும் விளக்கிவிட இயலாது. விளக்கத்திற்கு அந்த மாலைப்பொழுதின் பதிவே ஆதாரம்.

டிங்கேலி 1960களின் இறுதியில் ஃப்ரிபூர்க்கின் அருகிலுள்ள நெய்ரூ என்னும் ஊரில் குடியேறினார். 1986இல் அவ்வூரில் மின்னல் தாக்கி எரிந்த ஒரு பண்ணையின் கருகிய மரங்களையும் நெளிந்த இரும்புகளையும் திரட்டி, ‘மெங்கெலே சாவுக்கூத்து’ என்னும் தொகுதியைப் படைத்தார். அப்பண்ணையிலிருந்த அறுவடைப் பொறியொன்றின் வணிகப்பெயர் மெங்கெலே. நாஜி வதைமுகாம் மருத்துவரின் பெயரும் அதுவே. அயல்வீட்டு விபத்தின் எச்சங்கள் ஒரு பெயரின் வழியாக ஐரோப்பாவின் கொடிய நினைவோடு இணைந்தன. இன்று அத்தொகுதி பாசல் அருங்காட்சியகத்தில் உள்ளது. நெய்ரூவின் தீயை அறியாதவர்க்கு அது பொதுவான மரணச் சின்னமாக மட்டுமே தோன்றக்கூடும்.

ஃப்ரிபூர்க்கிலுள்ள சான்று இன்னும் தெளிவானது. டிங்கேலியும் அவருடைய வாழ்க்கைத்துணையான நிக்கி த சேன் ஃபாலும் படைத்தவற்றுக்கென, மோரா வீதியின் பழைய டிராம் கொட்டகையில் 1998இல் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அங்குள்ள பெரும்படைப்பு, மேற்கத்திய வளமையையும் வணிகவாதத்தின் சர்வாதிகாரத்தையும் பெயரிலேயே சுட்டும் பலிபீடத் திரை. நுகர்பொருள்களையும் விளையாட்டுப் பொருள்களையும் கொண்ட இவ்வியங்கு சிற்பம் 1990இல் மாஸ்கோவில் காட்சிப்படுத்தப்பட்டது. பொதுவுடைமை ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த, கடைகளில் பொருள் தட்டுப்பாடு நிலவிய நகரத்தில் அது ஒருசேர ஆசையும் எச்சரிக்கையுமாக நின்றிருக்கும். ஃப்ரிபூர்க்கோ நெடுங்காலக் கத்தோலிக்க நகரம். அதே மோரா வீதியிலுள்ள பிரான்சிஸ்கன் தேவாலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் பலிபீட ஓவியம் ஒன்று இன்றும் வழிபாட்டிடத்திலேயே உள்ளது. அதனைக் கண்டுவரும் ஒருவர்க்குத் தலைப்பில் ‘வணிகம்’ என்னும் சொல் பின்னடைகிறது. ‘பலிபீடம்’ என்னும் சொல் முன்வருகிறது. படைப்பு ஒன்றே, இடம் மாறியபோது கேள்வி மாறிவிட்டது.

இவ்வளவையும் இன்று கூற முடிவதற்குக் காரணம், டிங்கேலியின் காட்சிகள் ஒளிப்படமாகவும் திரைப்படமாகவும் கடிதமாகவும் பேணப்பட்டமையே. அதன்பின் நகரமும் மாநிலமும் பெருநிறுவனமும் நிற்கின்றன. அத்தகைய பின்புலமற்ற நிலையில் ஒரு நிறுவற்கலைஞரின் படைப்பு என்னவாகும் என்னும் வினாவே தமிழாய்வுக்கு உரியது.

சனாதனன் 1969இல் பிறந்தவர்; டெல்லியில் பயின்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பித்து வருபவர். போர்நிறுத்தம் நிலவிய 2004ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ‘அகம்–புறம்’ என்னும் காட்சி நிகழ்ந்தது. அதில் அவர் யாழ்ப்பாணத்து மக்களிடமிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்களைக் கொண்டு ‘வரலாறுகளின் வரலாறு’ என்னும் நிறுவலை அமைத்தார். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து, பின்னர் மீளக் கட்டப்பட்ட கட்டடம் அது. எழுதப்பட்ட வரலாறு எரிந்த இடத்தில் வீடுகளின் பொருள்கள் வரலாறாக வைக்கப்பட்டன. இவ்விடத்தை நீக்கிவிட்டால் அது பழம்பொருள் தொகுப்பாகச் சுருங்கிவிடும். இங்கே அகம், புறம் என்னும் இணை செவ்வியல் அலங்காரமன்று. வீட்டினுள் இருந்த பொருள் பொதுவெளிக்கு வந்த பயணத்தையே அது குறிக்கிறது.

அடுத்த ஆண்டுகளில் அவர் சந்திரகுப்த தேனுவர, முகன்னத் காதர், ஜகத் வீரசிங்க ஆகியோரோடு அஞ்சல்வழி ஓவியங்களைப் பரிமாறினார். 2005 முதல் 2007 வரை நிகழ்ந்த இப்பரிமாற்றத்தில் 208 ஓவியங்கள் உருவாயின. இடையே, 2006 ஆகத்தில், ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டு யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டது. அந்நிலையில் ஓர் ஓவியம் சென்று சேர்வதே அதன் பொருளின் பகுதியாயிற்று.

போருக்குப்பின் வந்த ‘முற்றுப்பெறாத தோம்பு’ (2011) ஒரு நூல். இடம்பெயர்ந்த எண்பது பேர் தம் வீட்டை நினைவிலிருந்து தாமே வரைந்த தளப்படங்கள், அவற்றின் கட்டடக்கலை வரைபடங்கள், அவர்கள் கூறிய செய்திகள், கலைஞரின் ஓவியங்கள் ஆகியன அதில் அடுக்கப்பட்டுள்ளன. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பேணிய நிலப்பதிவேடு. அதிகாரம் நிலத்தை அளந்து எழுதிய வடிவத்தை, நிலம் இழந்தவரின் நினைவு கைக்கொள்கிறது. 2016ஆம் ஆண்டின் கொச்சி–முசிறி இருபதாண்டுக் காட்சியன்று, ஈராண்டுக் காட்சியில் இடம்பெற்ற ‘எதிர்ப்பின் பேழை’ வரிசைப் படைப்போ நூலக அட்டவணைப் பெட்டியின் வடிவில் அமைந்தது. பார்வையாளர் இழுப்பறையைத் திறந்து அட்டைகளிலுள்ள கதைகளைப் படிக்க வேண்டும். யாழ்ப்பாண நூலகத்தின் காட்சியை அறிந்தவர்க்கு இப்பெட்டி வெறும் அலுவலகத் தளவாடமாகத் தோன்றாது.

இங்கே இருவரும் வேறுபடுகின்றனர். டிங்கேலி ஆவணத்திலிருந்து தப்பியோடும் படைப்புகளைச் செய்தார். ஆவணக் காப்பகங்கள் அவரைத் துரத்திப் பிடித்தன. சனாதனனைத் துரத்தும் காப்பகம் இருக்கவில்லை. எனவே பதிவேடு, அட்டவணை, நூல் ஆகிய காப்பக வடிவங்களையே அவர் தம் ஊடகமாக்கினார். இதனை வசதியின்மையின் விளைவு எனக் கொள்வது பொருந்தாது. எதைப் பேணுவது, யார் பேணுவது என்னும் வினாவைக் கலையின் உள்ளடக்கமாக்கிய தேர்வு இது. இத்தேர்வைக் கருதாமல் அவருடைய ஆக்கங்களைப் போரின் சாட்சியம் என்று மட்டும் வகைப்படுத்துவோர் சாட்சியத்தைப் பெற்றுக்கொண்டு கலையைக் கைவிடுகின்றனர்.

எனினும் கலைஞரே தம் படைப்பினுள் காப்பகத்தை அமைத்துவிட்டார் என்று ஆய்வுலகம் அமைதிகொள்ள இயலாது. ‘வரலாறுகளின் வரலாறு’ நிறுவலுக்குப் பொருள் தந்தவர், அதனைத் தந்த காரணம், காட்சிக்கு வந்தவர் தமக்குள் பேசிக்கொண்டது ஆகியவை எந்தப் பேழையிலும் தாமாகச் சேர்வதில்லை. அவற்றை அறிந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களுட் பலர் ஐரோப்பிய நகரங்களில் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களின் கூற்றைத் தமிழில், அவர்கள் பொருளுக்கு வழங்கிய பெயர்களோடு பதிவுசெய்வது கலைவரலாற்றின் உடனடிப் பணி. டிங்கேலியின் அழிந்த பொறியைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பேச முடிகிறது. 2004இல் யாழ்ப்பாண நூலகத்தில் வைக்கப்பட்டவற்றைப் பற்றியும் அவ்வாறு பேச முடியுமா என்பது இனி எழுதப்படும் காட்சி வரலாற்றைப் பொறுத்தது.