நோட்டில் வறுபடும் காப்பி

லிங்கராஜபுரத்துச் சந்துகளில் காப்பி வாசனைக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பச்சைக் கொட்டை வறுபடும் வாசனைக்கு மட்டும் நடை தானாகத் தளரும். முதலில் வைக்கோல் நெடி, அப்புறம் கொட்டை மஞ்சளானதும் ரொட்டி சுடும் மணம். வீட்டில் வறுப்பவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, அடுப்பு மேடையோரம் கிடக்கும் அந்தக் கோடு போட்ட நோட்டுதான். சிக்மகளூர் பீபெரி, போட்டது 250 கிராம், எடுத்தது 212. குறைந்தது 15 சதவீதம் சொச்சம். ஈரமும் உமியும் போன கணக்கு அது. வறுவல் ஏற ஏற எடை இன்னும் இறங்கும். ‘கறுப்பு’, ‘பழுப்பு’ என்று வீட்டில் இருவர் சண்டை போடலாம், தராசு போடாது.

அடுத்த வரி காதால் எழுதுவது. சோளம் பொரிவதுபோலப் பட்பட்டென்று முதல் வெடிப்பு கேட்டதும், கரண்டியை நிறுத்தாமலே இடது கையால் நேரத்தைக் கிறுக்க வேண்டும். எழுத்து கோணலாகத்தான் விழும். இரண்டாம் வெடிப்பு மெல்லிய சடசடப்பு, மிக்சி ஓடினால் தவறிவிடும். ஆறியதும் நாலு கொட்டையை அரைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மேலே கறுத்து, பொடி வெளிறியிருந்தால் தீ அவசரப்பட்டிருக்கிறது. ருசிக்கான கட்டம் மட்டும் இரண்டு மூன்று நாள் காலியாகவே இருக்கும். கொட்டை காற்றை விட்டுத் தணிந்தபிறகு பில்டரில் இறக்கிக் குடித்துவிட்டுத்தான் அதை நிரப்புவது. அதிலும் பெரும்பாலும் ஒரே சொல்: ‘தேவலை.’