குற்றவுணர்வும் தையற்காரியும்

கவிதையையும் நாவலையும் நிறுத்துப் பார்க்கும் நாம், விளம்பர வாசகங்களை விமர்சனத்துக்குரிய எழுத்தாகக் கொள்வதில்லை. ஆயினும் உலகில் மிகுதியானோர் படித்து நம்பும் எழுத்து அதுவே. 2006ஆம் ஆண்டில் இலங்கையின் ஆடை ஏற்றுமதியாளர் மேலைச் சந்தைக்கென ஆக்கிய 'குற்றவுணர்வு இல்லாத ஆடைகள்' என்னும் சுலோகத்தை அத்தகைய ஓர் எழுத்தாகவே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

யாருடைய குற்றவுணர்வு? வாங்குபவருடையது. தைத்தவள் இவ்வாசகத்தில் எங்குமில்லை. 1843இல் இலண்டன் தையற்காரியின் துயரைத் தோமஸ் ஹூட் பாடியபோது அவரும் உடுப்பவரை நோக்கியே பேசினார்; ஆனால் அவர்களின் மனச்சாட்சியைக் குத்தினார். நமது சுலோகம் அதனைத் தாலாட்டி உறங்கவைக்கிறது.

சுலோகம் முழுப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. சிறுவரை வேலைக்கு வைப்பதில்லை, கட்டடங்கள் உறுதியானவை என்பவற்றில் உண்மை உண்டு. டாக்காவை அடுத்த சவாரில் 2013 ஏப்ரல் 24ஆம் நாள் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டது போன்ற கொடுமை இங்கு நிகழ்ந்ததில்லை. ஆனால் அங்கே நடந்ததைச் சற்று ஊன்றி நோக்குவோம். சுவரில் வெடிப்பு முதல்நாளே தெரிந்தது. அதே கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. தையற்பெண்களோ மறுநாட் காலை உள்ளே அனுப்பப்பட்டனர். வெடிப்பை அவர்களும் கண்டவர்களே. 'போகமாட்டோம்' என்று சொல்லும் பலந்தான் அவர்களிடம் இல்லை. பாதுகாப்பு என்பது சீமெந்தின் உறுதி மட்டுமன்று.

இந்த அளவுகோலை நம் நாட்டில் வைத்துப் பார்க்கலாம். 2011 மே 30ஆம் நாள், தனியார்துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர் திரண்டபோது பொலிசார் சுட்டனர். ஓர் இளந்தொழிலாளி உயிரிழந்தான். மசோதா பின்வாங்கப்பட்டது. வாய் திறந்ததற்கு இங்கு கொடுத்த விலை அது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடைத் தொழிற்சாலை ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொரோனா தொற்றியது. சுலோகம் அப்போதும் மாறவில்லை.

கட்டுநாயக்கா தூரமென்று நம்மவர் ஆறுதல் கொள்ள இடமில்லை. ஆனையிறவைக் கடந்தால், கிளிநொச்சி அறிவியல் நகரில் போருக்குப்பின் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. குடும்பச் சுமை முழுவதையும் தோளிற் சுமந்த பெண்பிள்ளைகள் அங்கே தைக்கிறார்கள். 'வேலை கிடைத்ததே பெரிது' என்கிறோம். அதே நாவால், கலியாணப் பேச்சில் 'காமென்ற்றுக்குப் போறவள்' என்று முகஞ் சுளிக்கவும் செய்கிறோம். முற்போக்காளர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

பாக்கு நீரிணைக்கு அப்பால், திண்டுக்கல்லில், 2021 ஜனவரியில் ஒரு தலித் பெண் தொழிலாளி கொலையுண்டார். அதன்பின் பெண்கள் தலைமைதாங்கும் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கையைப் பெற்றது. ஆலை முதலாளியோடு, துணியை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் அதில் கட்டுண்டது. தளத்தில் நடக்கும் தொல்லைகளைக் கண்காணித்துச் சொல்வதற்குத் தொழிலாளரே பயிற்றப்பட்டனர். வாங்குபவனின் குற்றவுணர்வை இரந்து நிற்காமல், கையொப்பத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

எழுத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1984 முதல் கட்டுநாயக்காவில் 'தபிந்து', அதாவது வியர்வைத் துளிகள், என்ற சிங்களப் பத்திரிகை வெளிவந்தது. தையற்பெண்களே தம் கதைகளையும் கவிதைகளையும் அதில் எழுதினார்கள். அறிவியல் நகரிலிருந்து அப்படியொரு கைப்பிரதி நம் கைக்கு வருமானால், ஒற்றெழுத்துப் பிழைகளைத் தேடிக்கொண்டிராமல் அதனை முதலில் வாசிப்போம்.