தண்ணீர் தேடும் வரைபடம்

தென் இங்கிலாந்தில் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கிலோமீட்டர் நீளும் சவுத் டவுன்ஸ் வே நடைபாதைக்குத் திட்டமிடுவதே தனிச் சுகம். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே நடப்பவர்களுக்கென வெளியிடும் வரைபடத்தில் 4 சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். பாதை பெரும்பாலும் முகட்டிலேயே போகிறது. அங்கே ஓடையைக் காண்பது அரிது. முகட்டின் வெண்சுண்ணப் பாறை மழையை உறிஞ்சிவிடும். அடியில் களிமண் தடுக்குமிடத்தில்தான் அந்த நீர் ஊற்றாக வெளிவரும். பழைய ஊர்கள் பலவும் அந்த ஊற்றுகளை ஒட்டி அடிவாரத்தில்தான். ஆகவே தூரத்தைவிட இறக்கங்களே கணக்கு: படுக்கைக்கும் பீருக்கும் எங்கே இறங்குவது, காலையில் எப்படி மறுபடி ஏறுவது? உயரக் கோடுகள் நெருங்காத இறக்கமாகப் பார்ப்பேன். ஈரச் சுண்ணம் வழுக்கும் என்பது பாதிக் காரணம், மீதி சோம்பல். கிழக்கு நோக்கி நடப்பதே என் கட்சி: செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகள் கடைசிக்கு மிஞ்சும், தென்மேற்குக் காற்றும் பெரும்பாலும் முதுகைத் தள்ளும்.