செத்தவன் யாரோ ஒருத்தன்

'சக்சஷன்' என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2023 மே 28-ல் முடிந்தது. முடிவைப் பற்றிய பேச்செல்லாம் ஷிவ் போட்ட ஓட்டைச் சுற்றியே. அப்பன் லோகன் ராய் கட்டிய கம்பெனியை சுவீடன்காரனுக்கு விற்பதா, வேண்டாமா? ஓட்டு ஆறுக்கு ஆறு. முந்தின நாள் ராத்திரி அண்ணன் கெண்டலை ராஜாவாக்கிக் கூத்தடித்த தங்கச்சி, மறுநாள் விற்கலாம்னு கை தூக்கிவிட்டாள். பொறாமை என்கிறார்கள் சிலர். புருஷன் டாம் தலைமை அதிகாரியாகப் போறான், வயித்துல பிள்ளை வேற, கணக்குப் போட்டுட்டா என்கிறார்கள் வேறு சிலர்.

இவையெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குள்ளேயே நடக்கிற வாசிப்பு. நான் செத்தவன் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன்.

செத்தவன் ஒரு சர்வர். முதல் பருவத்தின் (2018) கடைசியில், ஷிவ்வின் கல்யாணத்தில் பரிமாற வந்த பையன். பெரியவர் கோபித்து அவனை வேலையை விட்டுத் துரத்துகிறார். அன்று ராத்திரியே கெண்டல் போதைமருந்துக்காக அவனைக் கூட்டிக்கொண்டு காரோட்டிப் போகிறான். கார் தண்ணிக்குள்ளே. கெண்டல் நீந்திக் கரையேறிவிட்டான், பையன் ஏறவில்லை. அப்பன் மூடி மறைத்துவிட்டார். அடுத்த பருவத்தில் (2019) கெண்டல் ராத்திரியில் போய் அந்தப் பையனின் வீட்டுக் கதவிடுக்கில் பணத்தைச் செருகிவிட்டு வருகிறான். இழப்பீடாம்! அதே பருவத்தில் இன்னொரு விஷயமும் வருகிறது. கம்பெனியின் உல்லாசக் கப்பல்களில் பாலியல் தொழிலாளிகளுக்கோ குடியேறித் தொழிலாளர்களுக்கோ ஏதாவது நேர்ந்தால், 'நிஜ மனிதர் யாரும் சம்பந்தப்படவில்லை' என்று குறிப்பெழுதி மூடிவிடுவார்களாம். அந்தச் சர்வர் விஷயத்திலும் லோகன் அதே குறிப்பைத்தான் மகனுக்குச் சொல்கிறார். ஆறுதல் சொல்றாராம்.

இப்போது கடைசி அத்தியாயம். கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் மூன்று பேரும் மோதுகிறார்கள். நீ தலைவனாக முடியாது, நீ ஆளைக் கொன்றவன் என்கிறாள் ஷிவ். கெண்டல் கேட்கிறான்: எது? எதுவா, ஞாபகம் இல்லாத அளவுக்கு அத்தனை பேரைக் கொன்னுருக்கியா என்று அவள் மடக்குகிறாள். அப்புறம் அவன், அப்படி ஒன்று நடக்கவே இல்லை, நான் காரிலேயே இல்லை என்று சாதிக்கிறான். 2021-ல் வந்த மூன்றாம் பருவத்தில் இதே தம்பி தங்கச்சி முன்னாலே மண்ணில் உட்கார்ந்து அழுது ஒப்புக்கொண்டவன்தான்.

அந்த நிமிஷத்தில்தான் அவள் மனசு முடிவாகிறது என்பது என் வாசிப்பு. அதற்காக ஷிவ்வை நியாயவாதியாக்கவில்லை. அவளுக்கு விஷயம் முன்பே தெரியும். தெரிந்தும் முந்தின ராத்திரி அவனுக்கு முடி சூட்டினாள். செத்தவனை அலமாரியில் வைத்திருந்த கத்தி மாதிரிதான் எடுத்தாள். ஆனால் எடுத்த பிறகு அவன் பார்த்த பார்வை, பேசிய பேச்சு, அப்பனோடது. ஒரு ஆளை ஆளே இல்லைன்னு சொல்லத் தெரிந்தவன் நாற்காலிக்குத் தயாராகிவிட்டான். அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. தனக்கும் அதே குறிப்பு ஒருநாள் எழுதப்படும்னு பட்டிருக்கலாம், பொம்பளைப் பிள்ளைதானே.

அதே அறையில் இன்னும் இரண்டு பேச்சு. மூத்த பையன் நான்தான் என்று கெண்டல் கத்துகிறான். நிஜத்தில் மூத்தவன் வேறு தாய்க்குப் பிறந்த கானர். அவன் கணக்கிலேயே இல்லை. கெண்டலின் பிள்ளைகள் நம் ரத்தம் இல்லைன்னு அப்பா சொன்னார் என்று ரோமன் குத்துகிறான். ஒன்று தத்தெடுத்த பிள்ளை. உடனே அடிதடி. ரத்தம், மூத்த ஆண் வாரிசு: நமக்கு இந்தப் பேச்சுக்கு உரை தேவையில்லை. சாதியின் சாரம் அகமணமே என்று 1916-ல் அம்பேத்கர் கட்டுரை வாசித்ததும் இதே நியூயார்க் நகரத்தில்தான்.

தோழர் ஒருவர் கேட்டார்: ஷிவ் ஓட்டை மாற்றிப் போட்டதால் அந்தச் சர்வருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. போலீசும் வரவில்லை, அவன் வீட்டுக்கு உண்மையும் போய்ச் சேரவில்லை. கம்பெனி ஒரு கோடீஸ்வரன் கையிலிருந்து இன்னொரு கோடீஸ்வரன் கைக்குப் போனது. கடைசியில் காரில் டாம் உள்ளங்கையை நீட்டுகிறான். ஷிவ் தன் கையை அதன்மேல் வைக்கிறாள், பிடிக்கவில்லை. கெண்டல் தண்ணியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.