மேடை நகைச்சுவையும் பகைமொழியும்

அமெரிக்க நாட்டில், எதிர்க் கருத்துக்கும் இடமளிக்க வேண்டுமென்று ஒலிபரப்பாளரைக் கட்டுப்படுத்திய விதி 1987ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அதன் பின்னர் அங்கே அரசியல் பேச்சு வானொலி பெருகிற்று. மாற்றுக் கட்சியினரை நாள்தோறும் மணிக்கணக்கில் கேலி செய்வதே சிலருக்குத் தொழிலாயிற்று. கண்டனம் எழுந்தபோதெல்லாம் "இது வேடிக்கைதானே" என்பது அவர்கள் விடையாக இருந்தது. நம் நாட்டில் அத்தகைய வானொலி இல்லை. தேர்தல் காலத்தில் அகில இந்திய வானொலியில் கட்சிகள் உரையாற்ற முதன்முதல் இடமளிக்கப்பட்டதே 1977ஆம் ஆண்டில்தான். தனியார் பண்பலை நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தியும் அரசியலும் ஒலிபரப்பும் உரிமை தொடக்கத்திலேயே மறுக்கப்பட்டது. ஆயினும் அவ்வானொலி அங்குச் செய்யும் வேலையைத் தமிழகத்தில் முக்கால் நூற்றாண்டாகச் செய்துவருவன பொதுக்கூட்ட மேடையும் அதன் ஒலிபெருக்கியுமாகும். இன்று கைப்பேசி அம்மேடையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருக்கின்றது. ஆகவே, நகைச்சுவை எவ்விடத்தில் பகைமொழியாகத் திரிகின்றது என்னும் வினாவை நாம் மேடையை வைத்தே ஆராய்தல் பொருந்தும்.

மேடை செய்த நன்மை

வடசென்னை அரசியல் மேடையின் தாயகங்களுள் ஒன்று. 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இராயபுரம் இராபின்சன் பூங்காவிலே திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பெற்றது. துறைமுகத்திலும் இரயில்வேயிலும் ஆலைகளிலும் உழைத்தோருக்கு மாலைப் பொதுக்கூட்டம் செய்தித்தாளாகவும் பள்ளியாகவும் விளங்கிற்று. எழுத்தறியாதவரும் ஆள்வோரின் செயலை நிறுத்துப் பார்க்க அங்கே கற்றனர். அக்கல்வியில் சிரிப்புக்குப் பெரும் பங்குண்டு. தாம் அஞ்சி ஒதுங்கிய பெரிய மனிதரைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்த மக்கள், அவரும் தம்மைப்போன்ற மனிதரே என்று அறிந்துகொண்டனர்.

ஆட்சியாளர் இச்சிரிப்புக்கு அஞ்சினர் என்பதற்கும் சான்றுண்டு. எம்.ஆர். இராதாவின் நாடகங்கள் பெருங்கிளர்ச்சியை எழுப்பிய காலத்தில், 1954ஆம் ஆண்டில், நாடகங்களைத் தடைசெய்ய அதிகாரமளிக்கும் சட்டமொன்று சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. அது செல்லாதென்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013ஆம் ஆண்டிலேதான். 1987ஆம் ஆண்டில் ஆனந்த விகடன் தன் அட்டையில் ஒரு சிரிப்புத் துணுக்கை வெளியிட்டது. சட்டமன்ற உறுப்பினரைச் சட்டைப்பைத் திருடரோடும் அமைச்சரை முகமூடிக் கொள்ளையரோடும் அது ஒப்பிட்டது. அதற்காக ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததனால் அவர் சில நாட்களுக்குள் விடுவிக்கப்பட்டார்.

எனவே மேடைச் சிரிப்பை முற்றாக ஒதுக்குவோரோடு நாம் சேர்தல் இயலாது. திருச்சபையில் கற்றறிந்தோர் சிலர், வடசென்னைப் பேச்சுமொழி காதில் விழுந்தவுடனே முகஞ்சுளிக்கின்றனர். அம்முகச்சுளிப்பில் மொழித்தூய்மையைவிடச் சாதியுணர்வே மிகுதி. கொச்சை வேறு, கொடுமை வேறு. செம்மையான தமிழிலும் கொடுமை பேசலாம். கொச்சைத் தமிழிலும் நீதி பேசலாம்.

அண்மைக் கால நிகழ்ச்சிகள்

இந்நன்மையை மறவாமல் அண்மைக் கால நிகழ்ச்சிகள் சிலவற்றை நோக்குவோம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வடசென்னை ஆர்.கே. நகரில் நடைபெற்ற கூட்டத்தில் தி.மு.க. பேச்சாளர் சைதை சாதிக், பா.ஜ.க.வில் சேர்ந்திருந்த நடிகையரைப்பற்றி ஆபாசமாகப் பேசினார். அக்கட்சியின் கனிமொழியே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆளுநரை இழிவாகப் பேசியமைக்காகத் தற்காலிகமாக நீக்கப்பட்ட அதே கட்சியின் பேச்சாளர் சிவாஜி கிருஷ்ணமூர்த்தி, மீண்டும் மேடையேறி, ஜூன் மாதத்தில் நடிகை குஷ்புவை இழித்துரைத்தார். கொடுங்கையூர்க் காவல்துறையினர் அவரைக் கைது செய்தனர். கட்சியும் அவரை விலக்கிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமைச்சர் பொன்முடி, சைவ வைணவச் சமயக் குறிகளைப் பாலியல் தொழிலில் ஈடுபட்ட ஒரு பெண்ணோடு இணைத்துத் துணுக்கொன்று சொல்லிக் கட்சிப் பதவியையும் அமைச்சர் பதவியையும் இழந்தார்.

இந்நோய் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. பா.ஜ.க.வோடு தொடர்புடைய நகைச்சுவை நடிகர் எஸ்.வி. சேகர், பெண் ஊடகவியலாளரை இழிவுபடுத்திய பதிவொன்றை 2018ஆம் ஆண்டில் முகநூலில் பகிர்ந்தமைக்காக 2024ஆம் ஆண்டில் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார். அ.தி.மு.க.வின் சி.வி. சண்முகம் 2025ஆம் ஆண்டில் அரசின் இலவசத் திட்டங்களைக் கேலி செய்தபோது, இலவசமாகத் தரப்படும் பொருள்களின் வரிசையில் மனைவியையும் சேர்த்துப் பேசினார்.

வலியோரை எள்ளினால் நகைச்சுவை, எளியோரை எள்ளினால் பகைமொழி என்று சிலர் அளவுகோல் வகுப்பர். அதில் உண்மையுண்டு, ஆயினும் அது போதாது. ஆளுநர் எளியவரல்லர், குஷ்பு அப்போது தேசிய மகளிர் ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். அப்பேச்சுகளில் கொடியது எது? நடிகையரைப்பற்றிய பேச்சுகளில் அவர்களது அரசியல் விவாதப் பொருளாகவில்லை. பெண்ணுடலே அங்குக் கேலிக்குப் பொருளாயிற்று. செயலைக் குறைகூறினால் ஒருவர் மறுக்கலாம், விளக்கலாம், திருந்தவும் செய்யலாம். உடலையும் பிறப்பையும் இழித்துரைத்தால் அவர் என்ன விடை கூற இயலும்?

நகைக்கப்பட்டவருக்கு எஞ்சும் இடம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலை முதலாவதாக வைக்கின்றது. உரைகாரர் பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுத்துக் காண்பர்: பிறரை எள்ளுபவர் நகுதல் ஒன்று, எள்ளப்பட்டவர் தாமே நகுதல் மற்றொன்று. இந்த இரண்டாவது வகை நம் சிந்தனைக்குரியது. எள்ளப்பட்டவரும் சேர்ந்து நகைக்க இடமிருக்குமானால் அவர் இன்னும் அவையினுள்ளேயே இருக்கின்றார். அவ்விடம் பறிக்கப்படும்போது அவர் அவைக்குப் புறத்தே தள்ளப்படுகின்றார். வள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டாகச் செய்யும் இகழ்ச்சியும் துன்பந்தரும் என்று கூறி, பகைவரிடத்தும் பண்பு வேண்டும் என்கின்றார். பகை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. பகைக்குள்ளும் பிறருக்கு ஓர் இடம் விடச் சொல்கின்றார்.

திருமறையிலும் கேலி உண்டு. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை எலியா எள்ளி நகைத்ததை (1 இராஜாக்கள் 18) மேடைக் கேலிக்கு ஆதாரமாகக் காட்டும் அருளுரைகளைக் கேட்டிருக்கின்றோம். ஆனால் அச்சிரிப்பு கீசோன் ஆற்றங்கரையில் கொலையில் முடிந்தது என்பதை அவ்வருளுரைகள் சொல்வதில்லை. அவ்வதிகாரத்தை முழுவதும் படிப்போருக்கு அது ஆதாரமாகத் தோன்றாது; எச்சரிக்கையாகவே தோன்றும்.

யோனாவின் நூல் வேறு வழி காட்டுகின்றது. அது இஸ்ரவேல் தன் தீர்க்கதரிசியைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்ட நூல். பகைவரின் நகரம் மனந்திரும்புகின்றது. ஆடுமாடுகளும் இரட்டு உடுத்துகின்றன. தீர்க்கதரிசியோ ஒரு செடி பட்டுப்போனதற்காகக் கோபங்கொண்டு உட்கார்ந்திருக்கின்றார். படிப்போர் சிரியாதிருத்தல் அரிது. ஆயினும் நூல் யோனாவை இழித்து விலக்கவில்லை. கடவுள் அவரிடம் கேட்கும் வினாவோடு முடிகின்றது. விடை சொல்லும் உரிமை யோனாவுக்கு எஞ்சியிருக்கின்றது. இயேசு பெருமானும் கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவோர் என்று வேதபாரகரையும் பரிசேயரையும் எள்ளியபோது (மத்தேயு 23), அவர்களது செயலையே எள்ளினார். செயலைவிட்டு அவர்கள் திரும்பலாம். கதவு திறந்தே இருக்கின்றது.

இதற்கு நேர்மாறானது பிலாத்துவின் அரண்மனையில் போர்ச்சேவகர் செய்த வேடிக்கை (மாற்கு 15). அங்கே மாற்கு ஆளும் கிரேக்கச் சொல் சிறுபிள்ளை விளையாட்டைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. அவர்களுக்கு அது விளையாட்டு. முள்முடியும் அரசஅங்கியும் கொண்டு அவர்கள் எள்ளியது ஒரு தனிமனிதரை மட்டுமன்று. யூதருக்கும் ஓர் அரசன் உண்டோ என்று அடிமைப்பட்ட ஓர் இனம் முழுவதையும் எள்ளினர். கைகள் கட்டப்பட்டவர் விடைகூற இடமில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் அளவுகோல் இது: இச்சிரிப்பு நகைக்கப்பட்டவருக்கு விடைகூறவும் மனந்திரும்பவும் இடம் விடுகின்றதா? மனந்திரும்புதல் நற்செய்தியின் முதல் அழைப்பு. யாரும் தம் பிறப்பிலிருந்து மனந்திரும்ப இயலாது. ஆதலால் பிறப்பையும் உடலையும் மொழியையும் பொருளாகக் கொண்ட கேலி, ஒருவரை நற்செய்தியின் அழைப்புக்கு அப்பால் நிறுத்துகின்றது. இது நயக்குறைவோ நாகரிகக் குறைவோ மட்டுமன்று, இறையியல் பிழை.

வள்ளூரும் வடவரும்

இவ்வளவுகோலைப் பொன்னேரி வட்டத்து வள்ளூரில் வைத்துப் பார்ப்போம். தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக நிறுவிய 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் அங்குண்டு. அண்மையிலே காமராசர் துறைமுகமும் கொசத்தலை ஆற்றின் கழிமுகமும் உள்ளன. கழிமுகத்து மீனவர் சாம்பற்கழிவால் நலிந்திருக்கின்றனர். இவ்வட்டாரத்துக் கட்டுமானங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்போரில் பீகார், ஒடிசா, அசாம் மாநிலத்தவர் பலர். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் நிகழ்ந்த விபத்தில் ஒன்பது தொழிலாளர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அசாமியர்.

இவர்களைத்தான் நம் மேடையும் திரைப்படமும் "வடக்கன்" என்று சொல்லிச் சிரிக்கின்றன. 2022ஆம் ஆண்டு மே மாதம் கோவைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவிலே, இந்தி கற்றால் வேலை கிடைக்கும் என்பாரை மறுத்த பொன்முடி, இந்தி பேசுவோர் இங்கே பானிபூரி விற்கின்றனர் என்றார். இந்தித் திணிப்பை எதிர்ப்பது நேரிய அரசியலே. அக்கேலி போய் விழுந்தது யார்மேல்? மொழிக்கொள்கை வகுத்த தில்லியின்மேல் விழவில்லை. தள்ளுவண்டி தள்ளும் ஏழையின்மேல் விழுந்தது. அவர் அக்கொள்கையை வகுத்தவரல்லர். அவரைப்பற்றிச் சொல்லப்பட்ட துணுக்கு அவருக்கு விளங்குவதுமில்லை.

இதில் நாம் வருந்தத்தக்கது மற்றொன்றும் உண்டு. வடசென்னை மக்களின் பேச்சையும் தொழிலையும் திரைப்படம் பல்லாண்டுகள் கேலிப் பொருளாக்கியது. அக்கேலியின் வலியை அறிந்தோரே அதனை இன்னும் வடக்கிலிருந்து வந்தவர்மேல் இறக்கிவைக்கின்றனர்.

சட்டத்தின் எல்லையும் திருச்சபையின் எல்லையும்

இச்சிரிப்பு எதுவரை செல்லக்கூடும் என்பதற்கு ருவாண்டா நாடு சாட்சி. 1993ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்னும் வானொலி, இசையாலும் வேடிக்கைப் பேச்சாலும் இளைஞரைக் கவர்ந்தது. டுட்சி இனத்தாரைக் கரப்பான்பூச்சிகள் என்றது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொலை தொடங்கியபோது அவ்வானொலி கொலைஞரை ஊக்கிற்று. அந்நாட்டினரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர். அடைக்கலந்தேடி வந்தோர் நியமாட்டாவிலும் நிட்டராமாவிலும் ஆலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டனர்.

2003ஆம் ஆண்டில் பன்னாட்டு நீதிமன்றம் அவ்வானொலியின் நிறுவனர்களைத் தண்டித்தது. 2007ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒரு வேறுபாட்டைச் சுட்டியது: கொலைக்கு நேரடியாகத் தூண்டும் பேச்சு வேறு, அதற்கு முந்திய பகைமொழி வேறு. நீதிமன்றத்துக்கு அவ்வேறுபாடு தேவை. இல்லாவிடில் சட்டம் ஆனந்த விகடன் ஆசிரியரையும் சிறைக்கனுப்பும். திருச்சபைக்கோ அது போதாது. சட்டம் தலையிடும் நாள்வரை காத்திருந்தால் திருச்சபை வெகுநாள் பிந்திவிடும்.

நாம் செய்யத்தக்கன

முதலாவதாக, நம் பிரசங்கபீடத்தைச் சோதிப்போம். மாமியார், மனைவி, கருநிறம், பிற திருச்சபையினர், பிற சமயத்தார் ஆகியோரைப்பற்றிய துணுக்குகள் அருளுரைகளில் தடையின்றி நுழைகின்றன. துணுக்குக்கு உரியவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தால் அதைச் சொல்வோமா என்று கேட்டுப் பார்த்தல் எளிய சோதனை. திருச்சபைத் தேர்தல் காலத்தில் பெயரின்றி வெளிவரும் துண்டறிக்கைகள் கட்சி மேடைக்குச் சற்றும் இளைத்தவையல்ல.

இரண்டாவதாக, கட்சிகள் நடத்தும் கிறிஸ்துமஸ் விழா மேடைகளில் ஆயர்களும் பேராயர்களும் அமர்கின்றனர். அங்கே மாற்றுக் கட்சிப் பெண் ஒருவரோ வேற்று மாநிலத் தொழிலாளரோ கேலிக்கு உள்ளாகும்போது நம் புன்னகையும் ஒளிப்பதிவாகின்றது. பேச்சாளரைக் கட்சி விலக்கலாம். கூடவே சிரித்தவரை யாரும் விலக்குவதில்லை. அவ்வேளையில் சிரியாதிருத்தலும், விழா முடிந்தபின் பேச்சாளரிடமே தனித்துச் சொல்லுதலும் ஆயரின் கடமை. அப்பேச்சாளருக்கும் மனந்திரும்ப இடமுண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்றாவதாக, வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பகுதிகளில் திருப்பணி செய்வோர் அங்குள்ள வேற்று மாநிலத் தொழிலாளரின் தங்குமிடங்களுக்குச் செல்வார்களாக. அவர்களுள் கிறிஸ்தவரும் உண்டு. வழிபடத் தம் மொழியில் ஓர் இடமின்றி ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்போரும் உண்டு. அவர்களது பெயரையும் ஊரையும் கேட்டறிந்து, ஆண்டில் சில முறையேனும் அவர்கள் மொழியில் ஜெபிக்கவும் பேசவும் ஆலயத்தில் இடங்கொடுப்போமாக. ஒருவரது குரலை நம் அவையில் கேட்டபின்பு, அவர் இல்லாதபோது அவரைக் கேலி செய்தல் நமக்கே கடினமாகும்.