யாரிடமிருந்து வந்தது இந்த மெட்டு?

வட கரோலினாவின் ராலேயில் வேலை பார்த்த நாட்களில், ஞாயிறு மாலைகளில் ஒரு நண்பரின் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போவேன். இரண்டு ஃபிடில், ஒரு பாஞ்சோ, ஒரு கிடார். மேடை, மைக் எதுவும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஒரே மெட்டைப் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். இதுதான் 'ஓல்ட் டைம்' இசை. முதல் வாரம் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. 'என்னடா இது, லூப்புல மாட்டின ப்ரோகிராம் மாதிரி' என்று தோன்றியது. ஆனால் ஒரு பழக்கம் கவனத்தை இழுத்தது. ஒவ்வொரு மெட்டையும் தொடங்கும் முன் யாராவது ஒருவர் அது யாருடைய வாசிப்பு, யாரிடம் கற்றது என்று சொல்லிவிடுவார்.

வெறும் மரியாதை என்றுதான் அப்போது நினைத்தேன். 1937இல் பதிவான ஒரு தட்டைக் கேட்ட பிறகு அந்த நினைப்பு மாறியது.

அந்த ஆண்டு ஆலன் லோமாக்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் காங்கிரஸ் நூலகத்துக்காக, கென்டக்கியின் சாலியர்ஸ்வில்லில் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் என்ற ஃபிடில்காரரைப் பதிவு செய்தார்கள். மெட்டின் பெயர் 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்'. நெப்போலியன் பின்வாங்கியதைச் சொல்லும் பெயர். பலரும் இதை மெதுவான அணிநடையாகத்தான் வாசிப்பார்கள். ஸ்டெப் அதை ஆட்டத்துக்கான வேகத்தில் ஓட விடுகிறார். தடித்த தந்தியையும் மெல்லிய தந்தியையும் 'டி' சுருதிக்கு இறக்கியிருப்பதால் மெட்டுக்கு அடியில் தம்புரா மாதிரி ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் ரீங்காரம் மெட்டையே அமுக்கிவிட்டு மேலே வருகிறது.

ரூத் கிராஃபோர்ட் சீகர் அந்தப் பதிவைக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதினார். 1941இல் அது 'அவர் சிங்கிங் கன்ட்ரி' தொகுப்பில் வெளியானது. அதிலிருந்து எடுத்து ஆரன் கோப்லண்ட் 1942இல் தன் 'ரோடியோ' பாலேயின் 'ஹோ-டவுன்' பகுதியை அமைத்தார். பிற்பாடு அது தொலைக்காட்சியில் மாட்டிறைச்சி விளம்பரம் வரைக்கும் போனது. நானும் பல வருடம் அதை கோப்லண்டின் மெட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

'ஹோ-டவுன்' நல்ல இசைதான், அதில் சண்டை இல்லை. அந்தத் துள்ளலைக் கேட்டுவிட்டு யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஆர்கெஸ்ட்ராவில் எல்லா வயலினும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குகின்றன. ஸ்டெப்பின் வில்லிலோ ஒரு தள்ளல் இருக்கிறது, தாளத்தை முன்னால் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. சுருதியும் கால அளவும் காகிதத்தில் ஏறும். கை வில்லை எவ்வளவு அழுத்தியது என்பது அப்படி ஏறாது. சீகரின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறிப்பெழுத்தின் எல்லையே அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் 'கிட் ப்ளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு வரியை யார் எழுதியது என்று காட்டும். பெயரே ஏதோ குற்றம் சாட்டுகிற மாதிரி இருந்தாலும், பெரும்பாலும் நாம் அதைத் தேடுவது 'இதை ஏன் இப்படி எழுதினீங்க?' என்று போய்க் கேட்கத்தான். மெட்டோடு வரும் பெயரும் எனக்கு அப்படித்தான் படுகிறது. இது ஒருவர் வாசித்த விதம், வேறு விதமும் இருக்கலாம் என்று அது சொல்கிறது. பெயர் உதிர்ந்தால் அந்த ஒரு விதமே மெட்டு என்று ஆகிவிடும்.

இந்தத் தவறை நானும் செய்தேன். ஸ்டெப்பின் பதிவை லேப்டாப்பில் பாதி வேகத்துக்குக் குறைத்து, மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரமாகப் படித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் வாசித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. யார்கிட்ட கத்துக்கிட்டே?" ஸ்டெப் என்றேன். "சரி, மறுநாள் அவர் எப்படி வாசிச்சார்?" என்றார். பதில் இல்லை. என்னிடம் இருந்த தட்டில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

ராலேயிலிருந்து சுமார் ஒரு மணி நேரத் தொலைவில், மெபேனில் ஜோ தாம்சன் வாழ்ந்தார். கறுப்பினத்தவர், 2012இல் இறந்துபோனார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடமிருந்து வந்த வாத்தியம் பாஞ்சோ. ஆனால் 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களின் இசையையும் வெள்ளையரின் மலைநாட்டு இசையையும் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்து விற்றன. ஃபிடிலும் பாஞ்சோவும் வெள்ளையர் சொத்து என்ற நினைப்பு வேரூன்ற அதுவும் ஒரு காரணம். 2005 வாக்கில் ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் தாம்சனின் வீட்டுக்குப் போய், அவரோடு உட்கார்ந்து வாசித்தே கற்றார்கள். 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழு அப்படித்தான் உருவானது.

2010இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் பெயர் 'ஜெனுயின் நீக்ரோ ஜிக்'. முகத்தில் கரி பூசி ஆடிய மேடைக் கலைஞர் டான் எம்மட் வழியாக அந்தப் பெயரில் வந்த மெட்டு அது. அவர் அதை ஒஹையோவின் ஸ்னோடன் என்ற கறுப்பினக் குடும்பத்திடமிருந்து கற்றிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. குழு அதற்கு 'ஸ்னோடன்ஸ் ஜிக்' என்று பெயர் வைத்தது. பழைய பெயரில் ஓர் இனம்தான் இருந்தது. புதிய பெயரில் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அதன் பிறகு அந்தப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தேன். அதே மெட்டை அவர் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மாற்றி வாசிப்பார். எது சரி என்று ஒருமுறை கேட்டேன். "நேத்து வாசிச்சது நேத்துக்கு" என்றார். இப்போது வாசிக்கும்போது ஸ்டெப்பின் பெயரையும் அவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் வில்லை எடுக்கிறேன். வேகத்தைக் குறைத்துக் கொடுத்த லேப்டாப்பையும் சேர்த்துச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள்.